185-ஐக் கழட்டிட்டு 195 டயர் மாட்டியாச்சு. நெல் லோடுக்குக் காத்து எவ்வளவு வைக்கிறது?

நீடாமங்கலம்_பிக்கப்

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

என்னோடது நாலு சக்கர லோடு பிக்கப், பின்னால் ஒற்றை டயர். கம்பெனியில் வந்தது 185 ஆர்14 சி, 8 பி.ஆர். (185 மி.மீ. அகலம், ஆர்-னா ரேடியல், 14 இஞ்சு ரிம், சி-ன்னா லோடு வண்டி டயர், பி.ஆர். டயரோட பலத்தைச் சொல்ற எண்). அது தேஞ்சதும் போன மாசம் அதே ரிம்மிலேயே 195 ஆர்14 சி, 8 பி.ஆர். நாலும் புதுசாப் போட்டேன். கதவோரத்து ஸ்டிக்கரில் முன்னால் 40, பின்னால் 65 பாயிண்ட் (பி.எஸ்.ஐ.)னு இருக்கு. டயர் மாட்டின இடத்தில் நாலுக்கும் 65 வச்சு அனுப்பிட்டாங்க. "டயர்லயே 65-னு போட்டிருக்கு, அதுதான் கணக்கு"ன்னு சொன்னாங்க.

இப்ப குறுவை அறுப்பு. கொள்முதல் நிலையத்திலிருந்து குடோனுக்கு 40 கிலோ சிப்பம் 30 ஏத்துவேன். போகும்போது லோடு, வரும்போது காலி. கோரையாத்தங்கரை ரோட்டில் காலியா வந்தா முன்பக்கம் தூக்கித் தூக்கிப் போடுது. மழை பெஞ்ச அன்னைக்கு பிரேக் பிடிச்சா முன்சக்கரம் வழுக்குற மாதிரி இருக்கு. பழைய டயரில் இது கிடையாது.

ஸ்டிக்கர் கணக்கா, டயர் மேல இருக்கிற கணக்கா? இல்லை, பெரிய டயருக்குன்னு வேற கணக்கு இருக்கா?

பட்டுக்கோட்டை_தேங்காய்

தம்பி, நாலுக்கும் 65 இருக்கட்டும். லோடு வண்டிக்குக் காத்து கூடுதலா இருந்தா தப்பில்லை, குறைஞ்சாத்தான் ஆபத்து. நாங்க பேராவூரணியில் தேங்காய் ஏத்துற வண்டிக்கு 70 வரைக்கும் வைப்போம். இதுவரைக்கும் டயர் வெடிச்சதில்லை.

கும்பகோணம்_டயர்கடை

பட்டுக்கோட்டை அண்ணன் சொல்றதில் பாதி சரி. குறைஞ்ச காத்துதான் டயரைக் கொல்லும். ஓடும்போது பக்கச்சுவர் ஒவ்வொரு சுத்துக்கும் மடங்கி நிமிரும், அந்த மடிப்பில்தான் சூடு பிறக்குது. சூடு ஏறினா ரப்பரும் உள்ளே இருக்கிற கம்பியும் தனித்தனியாப் பிரியும். வெடிக்கிற டயர் பெரும்பாலும் இப்படித்தான் போகுது.

ஆனா கூடுதல் காத்துக்கும் ஒரு விலை இருக்கு. டயரோட நடுப்பகுதி மட்டும் ரோட்டைத் தொடும், பிடிமானம் குறையும். தம்பி சொன்ன வழுக்கல் அதுதான். நடுப் பட்டன் (ரோட்டைத் தொடுற ரப்பர்க் கட்டம்) சீக்கிரம் தேயும். பள்ளத்தில் விழுந்தா அடியை டயர் வாங்காம அப்படியே கட்டுக்கும் (பட்டை ஸ்பிரிங்) ஷாக்குக்கும் தள்ளிவிடும்.

டயர் மேல இருக்கிற 65 என்னன்னு முழுசாப் படிச்சுப் பாருங்க. "இவ்வளவு கிலோ, இவ்வளவு பிரஷர்"னு இரண்டும் சேர்த்துத்தான் அச்சடிச்சிருப்பாங்க. அந்த டயர் அதிகபட்சமா எவ்வளவு சுமக்கும், அவ்வளவு சுமக்கிறதுக்கு எவ்வளவு காத்து வேணும்னு சொல்ற வரி அது. உங்க வண்டிக்கு எவ்வளவு வைக்கணும்னு அதில் இல்லை. உங்க வண்டியில் அந்த டயர் மேல எவ்வளவு கனம் உட்காருதுன்னு டயர் கம்பெனிக்கு எப்படித் தெரியும்?

அதே வரிக்குப் பக்கத்தில் 106/104-ன்னு ஒரு எண் இருக்கும், பாருங்க. 106-ன்னா ஒற்றையா மாட்டினா 950 கிலோ, 104-ன்னா ஜோடியா மாட்டினா ஒவ்வொண்ணும் 900 கிலோ. உங்க பழைய 185-இல் 102/100 இருந்திருக்கும், அதாவது 850-உம் 800-உம். இரண்டுக்கும் மேல்வரம்பு 65-தான். அதே 65-இல் புது டயர் நூறு கிலோ கூடுதலாச் சுமக்கும். அப்போ அதே லோடுக்குப் புது டயருக்குக் கொஞ்சம் குறைச்சுக் காத்து போதும். எவ்வளவு குறைக்கலாம்னு சொல்லணும்னா எனக்கு அச்சு வாரியா எடை வேணும். முன் அச்சு தனி, பின் அச்சு தனி. அது இல்லாம யார் சொல்ற எண்ணும் குத்துமதிப்புதான்.

திருவாரூர்_ஆலை

எங்க அரிசி ஆலை எடைமேடையை நான்தான் பார்த்துக்கிறேன். அச்சு எடை எடுக்கிறது சுலபம். முதல்ல முன்சக்கரம் இரண்டு மட்டும் மேடை மேல நிக்கணும், பின்சக்கரம் தரையில். ஒரு சீட்டு. அப்புறம் முழு வண்டியும் மேல. இன்னொரு சீட்டு. இரண்டையும் கழிச்சா பின் அச்சு. மேடையும் பக்கத்துத் தரையும் ஒரே மட்டமா இருக்கிற மேடையாப் பார்த்துப் போங்க. சரிவா இருந்தா கனம் ஒரு பக்கம் சாஞ்சு எண் தப்பா வரும். டிரைவரும் லோடுமேனும் வண்டியிலேயே இருக்கணும், ரன்னிங்கில் அவங்க கனமும் சேர்ந்துதானே வருது. கேட்டா எந்த ஆலையிலும் இல்லைன்னு சொல்லமாட்டாங்க, கூட்டமில்லாத நேரமாப் போங்க.

நீடாமங்கலம்_பிக்கப்

ரொம்ப நன்றி அக்கா. நாளைக்கே போறேன். கடைக்கார அண்ணே, நீங்க சொன்ன எண் அப்படியே இருக்கு, 106/104.

தஞ்சை_டாரஸ்

பெரிய வண்டிக்காரங்களும் படிக்கிறதால இதையும் இங்கேயே எழுதுறேன். எங்க பத்து சக்கரத்துக்கு 10.00 ஆர்20 ரேடியல், 16 பி.ஆர்., 146/143. முன்னால் ஒற்றை டயருக்கு 3000 கிலோ, பின்னால் ஜோடியில் ஒவ்வொண்ணுக்கும் 2725. இந்தக் கனத்துக்கு 830 கிலோபாஸ்கல், நம்ம கணக்கில் 120 பாயிண்ட்.

2018-இல் மத்திய அரசு அச்சு எடையை ஏத்தினது எல்லாருக்கும் தெரியும். இரண்டு அச்சு லாரி 16.2 டன்னிலிருந்து 18.5, மூணு அச்சு 25-லிருந்து 28.5. பின்னால் இரட்டை அச்சுக்கு 19 டன் இருந்தது 21 ஆச்சு. சட்டம் ஏறிச்சு, ஆனா டயர் மேல அச்சடிச்ச எண் அப்படியேதான் இருக்கு. கணக்குப் போடுங்க: 21 டன்னை எட்டு டயருக்குப் பிரிச்சா ஒவ்வொண்ணுக்கும் 2625. வரம்பு 2725. பின்னால் சரியா வருது, ஆனா காத்து 115-க்குக் குறையக் கூடாது. முன்பக்கம்தான் சிக்கல். முன் அச்சில் ஆறரை டன் உட்கார்ந்தா ஒரு டயருக்கு 3250. 146 டயரில் எவ்வளவு காத்து வச்சாலும் அது சரிவராது. 149 போட்ட டயர் வேணும், 18 பி.ஆர்., அதுக்குக் காத்து 135. பழைய அளவு டயரையே மாட்டிக்கிட்டு புதுச் சட்டத்து லோடை ஏத்துற வண்டிகளை நெடுஞ்சாலையில் தினமும் பார்க்கிறேன். முன்டயர் போனா ஸ்டீயரிங் கையில் நிக்காது. இதைச் சொல்லாம இருக்க மனசு வரலை.

பட்டுக்கோட்டை_தேங்காய்

டாரஸ் தம்பி, அப்போ சின்ன வண்டிக்கும் கூடுதல் லோடு ஏத்தினா காத்தைக் கூட்டித்தானே சமாளிக்கணும்? சீசன் நேரத்தில் 30 சிப்பத்தோட யார் நிறுத்துறாங்க, 40 ஏத்தத்தான் செய்றாங்க.

கும்பகோணம்_டயர்கடை

அண்ணே, இந்த இடத்தில்தான் நிறைய பேர் தப்பாப் புரிஞ்சுக்கிறாங்க. வரம்பு வரைக்கும் காத்தைக் கூட்டக் கூட்டச் சுமக்கிற திறன் கூடும். வரம்பைத் தாண்டி காத்தை ஏத்தினா திறன் கூடாது. டயர் உள்ளே இருக்கிற கம்பி, நூல், பீடு (ரிம்மைக் கவ்வுற விளிம்பு) எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் கட்டியிருக்கு. ரிம்முக்கும் அதே மாதிரி ஒரு வரம்பு இருக்கு.

டயரை மாத்தினதால வண்டியோட மொத்த எடை வரம்பும் கூடாது. ஆர்.சி. புக்கில் என்ன இருக்கோ அதுதான். பிரேக், கட்டு, ஹவுசிங் (பின் அச்சுக் கூடு) எல்லாம் பழையதுதானே.

வேதாரண்யம்_உப்பு

எங்க பிரச்சினை வேற மாதிரி. உப்பளத்துக்குள்ள மண்பாதை. மழை பெஞ்சா களி ஒட்டிக்கிட்டுச் சக்கரம் சும்மா சுத்தும். எல்லாரும் பின்டயரில் காத்தை இறக்கி வண்டியை வெளியே எடுப்போம். அதுக்கப்புறம் திருத்துறைப்பூண்டி வரைக்கும் அப்படியே ஓட்டிட்டுப் போறவங்க நிறைய. இது சரியா? ரேடியலில் இதைச் செய்யலாமா?

மயிலாடுதுறை_மெக்கானிக்

சேத்திலிருந்து எடுக்கக் காத்து இறக்கலாம். இறக்கினா டயர் அகலமாப் பரவும், தரையைக் கூடுதலாத் தொடும். ஆனா அந்தக் களியைத் தாண்டின இடத்திலேயே திரும்ப ஏத்தணும். அதுவரைக்கும் நடை வேகம்தான். கையில் கம்ப்ரசர் இல்லாதவங்க இறக்கவே கூடாது. லோடோட, குறைஞ்ச காத்தோட தார் ரோட்டில் ஐம்பது அறுபதுல ஓட்டினா உள்ளே நடக்கிறது வெளியே தெரியாது. டயர் பார்க்க நல்லாவே இருக்கும். பக்கச்சுவர்க் கம்பி முறிஞ்சிருக்கும். அடுத்த முறை காத்து அடிக்கும்போது ஒரே நேரத்தில் வரிசையாக் கிழிஞ்சு வெடிக்கும். எதிரே நிக்கிறவன் உயிருக்கு உத்தரவாதம் கிடையாது.

ரொம்பக் குறைஞ்ச காத்தில் ஓடிவந்த லாரி டயரை, நூறு வைக்கிற இடத்தில் 80-க்குக் கீழ இருந்தா, நான் பஞ்சர் டயராகத்தான் எடுத்துக்குவேன். மிச்சக் காத்தையும் இறக்கி, கழட்டி, உள்பக்கம் கை விட்டுத் தடவிப் பார்த்துத்தான் திரும்ப மாட்டுவேன். டயரைப் பிடிச்சு நிறுத்த தனி இரும்பு ரிங் போட்ட ரிம்மா இருந்தா இன்னும் கவனம் வேணும். கூண்டுக்குள்ள வச்சுத்தான் அடிக்கணும், நீளமான ஹோஸ் மாட்டி ஒதுங்கி நின்னு அடிக்கணும். ரிங் தெறிச்சு ஆளே போன சம்பவம் எங்க தொழிலில் எல்லாரும் கேள்விப்பட்டதுதான். பையன்களை ரிங்குக்கு நேரே உட்கார வைக்கிற கடைக்கு வண்டியைக் கொண்டு போகாதீங்க. கெஞ்சிக் கேட்டுக்கிறேன்.

வேதாரண்யம்_உப்பு

சரிங்க. எங்க பசங்களுக்கு இதைக் காட்டுறேன்.

நீடாமங்கலம்_பிக்கப்

எடை போட்டுட்டேன். காலி வண்டி (என்னையும் லோடுமேனையும் சேர்த்து): முன் அச்சு 850, பின் அச்சு 600. 30 சிப்பத்தோட: முன் 1010, பின் 1640, மொத்தம் 2650. ஆர்.சி. புக்கில் 2700 இருக்கு, அதுக்குள்ளதான் வருது.

இன்னொண்ணும் செஞ்சு பார்த்தேன். லோடோட நிக்கிறப்போ நாலு டயரிலும் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் சாக்பீஸால் பட்டையாக் கோடு போட்டு, காஞ்ச தார் ரோட்டில் கொஞ்ச தூரம் நேரா உருட்டினேன். பின்டயரில் கோடு கிட்டத்தட்ட முழுசா அழிஞ்சிருச்சு, இரண்டு ஓரத்திலும் மட்டும் லேசா வெள்ளை. முன்டயரில் நடு இரண்டு பட்டன் வரிசை மட்டும் அழிஞ்சு கறுப்பாத் தெரியுது. ஓரத்துப் பட்டனில் சாக்பீஸ் போட்ட மாதிரியே இருக்கு.

கும்பகோணம்_டயர்கடை

அருமை தம்பி. இதைத்தான் எல்லாரும் செய்யணும்.

பின்பக்கம் ஒரு டயருக்கு 820 கிலோ. 950 கிலோவுக்கு 65-ன்னா 820-க்கு எவ்வளவு? நேர்விகிதம் போட்டா 56. கம்பெனி அட்டவணையில் இதைவிட ஒண்ணு இரண்டு குறைவாத்தான் வரும், அதனால நேர்விகிதம் போட்டா நாம பாதுகாப்பான பக்கம்தான் நிக்கிறோம். ஆனா சிப்பம் அடுக்கும்போது ஒரு பக்கம் கனம் கூடலாம். எதிரே பஸ் வந்தா நம்ம ரோட்டில் ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்கித்தான் ஆகணும், அப்போ வண்டி சாயும், கீழே இருக்கிற டயர் கூடுதலா வாங்கும். தார் விளிம்பில் ஏறி இறங்கும்போது பக்கச்சுவர் நசுங்கும். அதுக்கெல்லாம் கொஞ்சம் சேர்த்து 60 வைங்க.

முன்னால் ஒரு டயருக்கு 505 கிலோ. கணக்குப்படி 35 போதும். ஆனா பிரேக் பிடிச்சா பின்கனம் முன்னால் வந்து விழும். ஸ்டிக்கர் 40-ன்னு சொல்லுது, அதையே வைங்க. ஸ்டிக்கருக்குக் கீழ போக வேண்டாம். 65 வச்சதால்தான் முன்பக்கம் துள்ளினது, வழுக்கினதும் அதாலதான்.

மயிலாடுதுறை_மெக்கானிக்

நான் ஒரு இடத்தில் மாறுபடுறேன். பின்னால் ஸ்டிக்கர் 65-ன்னு சொல்லும்போது 60-க்கு ஏன் இறங்கணும்? கம்பெனிக்காரன் பிரேக், ஸ்டீயரிங், வண்டி சாயுறது எல்லாம் சேர்த்துப் பார்த்துத்தானே போட்டிருப்பான்.

கும்பகோணம்_டயர்கடை

உங்க கேள்வி நியாயம்தான். டயர் கம்பெனியோட அட்டவணை கையில் இல்லாதவங்க ஸ்டிக்கரில் இருக்கிற 65-ஐயே பின்னால் வைக்கலாம். அதில் ஆபத்து எதுவும் இல்லை, புது டயர் அந்தக் கனத்தை அதைவிடக் குறைஞ்ச காத்திலேயே தாங்கும். ஆனா ஸ்டிக்கர் போட்டது 185-க்கு. அந்த டயரில் 820 கிலோ சுமக்க 63 வேணும், அதனால 65. 195-க்கு அதே பாதுகாப்பு 60-லேயே கிடைக்குது. இந்த வண்டி பாதித் தூரம் காலியா ஓடுது, அப்போ ஒரு பின்டயரில் 300 கிலோதான் இருக்கும். அஞ்சு பாயிண்ட் குறைஞ்சா அந்த நேரத்தில் பிடிமானம் கூடும். பின்னால் 60-க்கும் 65-க்கும் நடுவில் எது வச்சாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனா முன்னால் 65 இருக்கவே கூடாது.

காலியா வரும்போது இறக்கி, லோடுக்கு ஏத்துறதும் வேண்டாம். ஒருநாள் ஏத்த மறந்தா போதும், டயர் போயிரும். லோடுக்கு வச்ச காத்தோடவே காலியா வாங்க.

தஞ்சை_டாரஸ்

ஜோடி டயர் வச்சிருக்கிறவங்களுக்கு இன்னொரு விஷயம். வெளிடயருக்கு மட்டும் காத்து பார்த்துட்டு உள்டயரை விட்டுடுவாங்க, வால்வுக்குக் கை எட்டாதுன்னு. உள்டயரில் குறைஞ்சா கனம் முழுக்க வெளிடயர் மேல ஏறும், இரண்டும் சேர்ந்தே போகும். வால்வு நீட்டிப்புக் குழாய் போட்டுக்குங்க. ஸ்பேனரால் தட்டிப் பார்த்து சத்தத்தை வச்சுச் சொல்றது, சுத்தமாக் காத்தில்லாத டயரைக் கண்டுபிடிக்கத்தான் உதவும். 110-க்கும் 85-க்கும் சத்தத்தில் வித்தியாசம் தெரியாது. நைலானிலிருந்து (நூல் குறுக்கா ஓடுற பழைய வகை டயர்) ரேடியலுக்கு மாறினவங்க கண்ணையும் நம்பக் கூடாது. ரேடியல் சரியான காத்திலேயே பக்கவாட்டில் கொஞ்சம் பிதுங்கித்தான் நிக்கும். அதைப் பார்த்துக் காத்து குறைவுன்னு ஏத்திடுறாங்க. ஒரே அச்சில் ஒரு பக்கம் நைலான், ஒரு பக்கம் ரேடியல்னு கலக்கவும் கூடாது.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நிக்கிற நேரத்தில் நான் இறங்கி ஒவ்வொரு டயரையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். எல்லாம் ஒரே மாதிரி சூடா இருந்தா நல்லது. ஒண்ணு மட்டும் கொதிச்சா அதில் காத்து குறைஞ்சிருக்கணும், இல்லைன்னா அந்தப் பக்கம் பிரேக் பிடிச்சுக்கிட்டு இருக்கணும்.

பட்டுக்கோட்டை_தேங்காய்

சூடுன்னதும் ஒரு கேள்வி. ஓடிட்டு வந்து பார்த்தா 65 வச்ச டயர் 72 காட்டுது. வெயில் காலத்தில் அதைக் கொஞ்சம் இறக்கிவிடலாமா?

கும்பகோணம்_டயர்கடை

கூடவே கூடாதுண்ணே. சூட்டில் ஏறுறது இயல்பு. டயரைச் செய்யும்போதே அதுக்கு இடம் விட்டுத்தான் செஞ்சிருக்காங்க. பத்து டிகிரி வெப்பம் கூடினா பிக்கப் டயரில் சுமார் இரண்டு பாயிண்ட், லாரி டயரில் சுமார் நாலு பாயிண்ட் ஏறும். சூட்டில் இறக்கினா மறுநாள் காலையில் குறைவா நிக்கும், அதோட லோடு ஏத்துவீங்க. மேல நான் சொன்ன எண் எல்லாமே குளிர்ந்த டயருக்குத்தான். வண்டி மூணு மணி நேரமாவது நின்னிருக்கணும், வெயில் ஒரு பக்கமா விழக் கூடாது. காலையில் வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி பார்க்கிறதுதான் சரி.

நைட்ரஜன் அடிச்சா ஏறாதுன்னு சிலர் சொல்வாங்க. சாதாரணக் காத்திலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், சூட்டில் இரண்டும் ஒரே மாதிரிதான் ஏறும். காத்தில் ஈரம் இல்லாம இருக்கிறது நல்லது, கம்ப்ரசர் டேங்கில் தேங்குற தண்ணியைத் தினமும் திறந்துவிடுற கடையாப் பாருங்க. கேஜ் ஒண்ணு சொந்தமா வாங்கி வச்சுக்குங்க. பங்க்குக்குப் பங்க் கேஜ் மாறும், உங்க கேஜ் எப்பவும் ஒரே மாதிரி காட்டும்.

நீடாமங்கலம்_பிக்கப்

இன்னைக்குக் காலையில் முன்னால் 40, பின்னால் 60 வச்சேன். லோடோட மன்னார்குடி வரைக்கும் போய்ட்டு வந்தேன். முன்பக்கத் துள்ளல் இல்லை. வரும்போது தூறல், பிரேக் நேரா பிடிச்சது. சாக்பீஸ் கோடு முன்டயரில் இப்ப ஓரம் வரைக்கும் அழியுது.

பழைய 185-இல் நல்லா இருந்த ஒண்ணைத்தான் ஸ்டெப்னியா வச்சிருக்கேன். அதுக்கு எவ்வளவு வைக்கணும்? மாட்டி ஓடலாமா?

மயிலாடுதுறை_மெக்கானிக்

ஸ்டெப்னிக்கு 65 வச்சிருங்க. எங்க மாட்ட வேண்டி வரும்னு தெரியாது, இறக்கிக்கலாம், நடுவழியில் ஏத்த முடியாது. முன்னால் மாட்டினா 40-க்கு இறக்கிடுங்க. 185-உம் 195-உம் விட்டத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் போல வித்தியாசம். முன்னால் மாட்டினா ஸ்டீயரிங் லேசா ஒரு பக்கம் இழுக்கும். பின்னால் மாட்டினா இரண்டு சக்கரமும் வேற வேற வேகத்தில் சுத்தும், டிஃபரன்ஷியல் ஓயாம வேலை செஞ்சு சூடாகும். பஞ்சர் கடை வரைக்கும், மெதுவா, அவ்வளவுதான். லோடு வரம்பும் அந்தச் சின்ன டயரோட 850-தான். அடுத்து ஒரு 195 கிடைச்சா அதையே ஸ்டெப்னி ஆக்கிடுங்க. வாங்கும்போது பக்கச்சுவரில் இருக்கிற நாலு இலக்கத்தைப் பாருங்க. 2321-ன்னு இருந்தா 2021-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செஞ்சது.

திருவாரூர்_ஆலை

தம்பி, அந்த எடைச்சீட்டு இரண்டையும் வண்டியிலேயே பத்திரமா வச்சிருங்க. சம்பா அறுப்புக்கு வைக்கோல் கட்டு ஏத்துவீங்கன்னா அதுக்குத் தனியா ஒருதடவை வந்து எடை போடுங்க. வைக்கோல் பின்னால் நீட்டிக்கிட்டு நிக்கும், அதனால முன் அச்சுக் கனம் குறையும், பின் அச்சுக்கு வேற எண் வரும்.